மெலனோமா, மென்திசு சர்கோமா: மாறியது மருந்தா, வரிசையா?

#1 நிழல்மருந்து

மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்), மென்திசு சர்கோமா (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வருவது), இந்த இரண்டு புற்றுநோய்களிலும் நடைமுறையைப் புரட்டிப்போட்ட ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது. பாதிக்குப் பாதி ஆய்வுகள் புது மருந்தைப் பற்றியவையே அல்ல. கையில் ஏற்கெனவே இருப்பதை எப்போது கொடுப்பது என்பதுதான் அவற்றின் கேள்வி.

சுத்தமான உதாரணம் எஸ் 1801 என்ற ஆய்வு (2023). அறுவை செய்யக்கூடிய 3பி முதல் 4ஆம் நிலை வரையிலான மெலனோமா, 313 பேர். இரு பக்கமும் அதே பெம்ப்ரோலிசுமாப் (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிமேல் ஏவும் இம்யூனோதெரபி மருந்து), அதே 200 மி.கி., அதே 18 டோஸ். ஒரு பக்கம் அறுவைக்குப் பிறகு 18. மறுபக்கம் அறுவைக்கு முன் 3, பின் 15. வேறு வித்தியாசமே இல்லை. 2 ஆண்டு முடிவில் தடங்கலின்றி இருந்தவர்கள் முன்கூட்டிப் பெற்ற பிரிவில் 72%, மற்றதில் 49%.

காரணம் ஊகிக்க எளிது. கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து கொடுத்தால் டி செல்கள் (எதிர்ப்புச் செல்கள்) கட்டியின் பலவகை ஆன்டிஜென்களையும் (அடையாளப் புரதங்களையும்) நேரில் பார்த்துப் பெருகுகின்றன. வெட்டி எடுத்துவிட்டால் அவற்றுக்குப் பார்க்க மிச்சம் இருப்பது துகள்கள்தான்.

அடுத்து நடினா (2024). கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரியும் நிணநீர்க்கணு பரவல் உள்ள 423 பேர். இம்யூனோதெரபி மருந்துகளான இபிலிமுமாப் 80 மி.கி. + நிவோலுமாப் 240 மி.கி., 3 வார இடைவெளியில் இரண்டே சுற்று, பிறகு கணு அறுவை. ஒப்பீட்டுப் பிரிவில் முதலில் அறுவை, பின் நிவோலுமாப் 12 டோஸ். 12 மாதத்தில் தடங்கலின்றி இருந்தவர்கள் 83.7% எதிர் 57.2%. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: எடுத்த கணுவில் உயிருள்ள கட்டி 10%-க்குள் இருந்தவர்கள், அதாவது 59% பேர், அதற்குப் பிறகு மருந்தே பெறவில்லை. இரண்டு சுற்றோடு முடிந்தது.

சர்கோமாவுக்கும் இது பொருந்துமா? அறுவை, கதிர்வீச்சு, பேத்தாலஜி ஆட்கள் சொல்லுங்கள்.

#2 கத்திமுனை

சர்கோமாவில் வரிசை கெடுவது மருந்தில் இல்லை சார், முதல் கத்தியில். "கொழுப்புக் கட்டிதான்" என்று லோக்கல் அனஸ்தீசியாவில் எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து வரும் ரிப்போர்ட்டில் சர்கோமா என்று இருக்கும். அப்படி எடுத்த இடத்தை மறுபடி அகலமாக வெட்டும்போது மிச்சக் கட்டி கிடைப்பது, எந்தத் தொடரைப் பார்த்தாலும், மூன்றில் ஒருவர் முதல் பாதிக்கு மேல் வரை. கட்டியின் போலி உறையை ஒட்டியே உருவி எடுத்தால் அந்த உறைக்குள்ளேயே கட்டிச் செல்கள் இருக்கும், வேறென்ன ஆகும்?

5 செ.மீ.-க்கு மேல், தசை உறைக்குக் கீழே, வளர்ந்துகொண்டே போவது, வலி. இவற்றில் எது இருந்தாலும் கத்தியைக் கீழே வைக்க வேண்டும். வலி இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. பெரும்பாலான சர்கோமாக்கள் வலிப்பதே இல்லை.

பிறகு செய்ய வேண்டியது இந்த ஒழுங்கில்:

முதலில் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. பயாப்ஸி ஊசி குத்திய பிறகு எடுத்தால் ரத்தக்கசிவும் வீக்கமும் கட்டியின் எல்லையை மறைத்துவிடும்.

அடுத்து கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுப்பது), 14 அல்லது 16 கேஜ். ஒரே நுழைவுத் துளை வழியாக, வெளி ஊசிக்குள் உள் ஊசியை விட்டு, பல துண்டுகள். எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சுவது) போதாது. அது "ஸ்பிண்டில் செல் நியோபிளாசம்" வரை சொல்லும். வகையையும் கிரேடையும் (கட்டியின் தீவிரப் படியையும்) வைத்துத்தான் முழுத் திட்டமும் போட வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் நடுவே செத்துப்போன பகுதி தெரிந்தால் அங்கே குத்தக் கூடாது, கான்ட்ராஸ்ட் ஏறும் விளிம்பில் எடுக்க வேண்டும்.

ஊசிப் பாதையை அறுவை செய்யப்போகிறவர்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒரே தசை அறைக்குள், மூட்டைத் தொடாமல், பெரிய ரத்தக்குழாயிலிருந்து விலகி. தோலில் நுழைந்த புள்ளிக்கு அடையாளம் வேண்டும். திறந்த பயாப்ஸி தவிர்க்க முடியாவிட்டால் கை கால்களில் நெடுக்குவாட்டில் மட்டுமே கீற வேண்டும். குறுக்கே கீறினால் அந்த வடுவையும் சேர்த்து எடுக்கவேண்டி வந்து, தைத்து மூடியிருக்கக்கூடிய காயத்துக்கு ஃப்ளாப் (வேறு இடத்துத் திசு) போட வேண்டிவரும். டிரெய்ன் (வடிகுழாய்) வைத்தால் காயத்தின் நேர்கோட்டில், காயத்தை ஒட்டி. நான்கு விரல் தள்ளி வெளியே கொண்டுவந்தால் அந்த வழி முழுக்கச் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

தோலுக்கு அடியிலேயே இருக்கும் 3 செ.மீ.-க்குக் குறைவான கட்டி மட்டும் விதிவிலக்கு. அதை முழுதாகவே எடுத்து அனுப்பலாம்.

#3 கிரே_அளவு

வரிசை பற்றிய பழைய ஆய்வு எங்கள் துறையில்தான் இருக்கிறது. கனடாவின் எஸ்.ஆர்.2 (2002), கை கால் சர்கோமா, 190 பேர். அறுவைக்கு முன் 25 தவணையில் 50 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு), அல்லது பின்னால் 33 தவணையில் 66 கிரே. கட்டியைக் கட்டுப்படுத்துவதில் வித்தியாசம் இல்லை. ஆனால் காயம் ஆறாத சிக்கல் முன் கொடுத்ததில் 35%, பின் கொடுத்ததில் 17%. இதை மட்டும் படித்துவிட்டு "பின்னால் கொடுப்பதே நல்லது" என்பார்கள். 2 ஆண்டு கழித்து தசை இறுகிப்போனது முன் 31%, பின் 48%. ஆறாத காயம் சில மாதத்தில் ஆறும். இறுகிய தசை ஆயுசுக்கும் அப்படியே.

முன்பே கொடுத்தால் டோஸும் குறைவு, பரப்பும் குறைவு. பின்னால் கொடுக்கும்போது அறுவைக்கத்தி தொட்ட இடம், டிரெய்ன் துளை, வடு எல்லாவற்றையும் சேர்த்து அடிக்க வேண்டியிருக்கிறது.

நடைமுறைக்கு: கதிர்வீச்சு முடிந்து 4 முதல் 6 வாரத்தில் அறுவை. அதற்கு முன்னால் போனால் தோல் இன்னும் சிவந்திருக்கும். ரொம்பத் தள்ளிப்போட்டால் நார்த்திசு இறுகி, பிரித்தெடுப்பது கஷ்டம். காயச் சிக்கல் அதிகம் வருவது தொடையில். கையில் மிகக் குறைவு. எனவே தொடையின் உள்பக்கக் கட்டி, சர்க்கரை, புகைப்பழக்கம் மூன்றும் சேர்ந்தால் பிளாஸ்டிக் சர்ஜனை முதல் நாளே கூப்பிடுவது நல்லது.

மிக்சாய்டு லிப்போசர்கோமா (கொழுப்புத்திசுச் சர்கோமாவில் ஒரு வகை) தனிக்கதை. கதிர்வீச்சுக்கு நன்றாகச் சுருங்கும் வகை என்பதால் டோரெமி ஆய்வில் (2021) 18 தவணையில் 36 கிரே மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள்; கட்டுப்பாடு நன்றாகவே இருந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வு, 79 பேர்தான். இருந்தாலும் டோஸைக் குறைக்கும் துணிச்சல் சர்கோமாவில் அபூர்வம்.

#4 பீ_மதிப்பு

நிழல்மருந்து சார், எஸ் 1801-ஐ "வேறு வித்தியாசமே இல்லை" என்று சொன்னதில் ஒரு இடறல் இருக்கிறது. அங்கே எதை "நிகழ்வு" என்று எண்ணினார்கள் என்று பாருங்கள். நோய் மீள்வது மட்டுமல்ல. அறுவை செய்ய முடியாமல் போவது, அறுவை முடிந்த 84 நாளுக்குள் அடுத்த மருந்தைத் தொடங்க முடியாமல் போவது, இவையும் நிகழ்வுதான். இரு பிரிவுக்கும் இப்படிப்பட்ட தடங்கல் வேறு வேறு நேரத்தில் வருகிறது. 23 புள்ளி வித்தியாசம் அத்தனையும் உயிரியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திசை சரி, அளவில்தான் கவனம் வேண்டும்.

வரிசையை முன்னால் தள்ளினால் எப்போதும் ஜெயம் என்றும் நினைக்க வேண்டாம். வயிற்றின் பின்புறச் சர்கோமாவுக்கு ஸ்ட்ராஸ் (2020), 266 பேர், அறுவைக்கு முன் 28 தவணையில் 50.4 கிரே. வயிற்றுக்குள் நோய் மீளாமல் இருந்த இடைநிலைக் காலம் கதிர்வீச்சுப் பிரிவில் 4.5 ஆண்டு, நேரடி அறுவையில் 5.0. மொத்தத்தில் பலன் இல்லை. லிப்போசர்கோமா துணைக்குழுவில் கொஞ்சம் நன்மை தெரிந்தது, லியோமயோசர்கோமாவில் (உறுப்புச் சுவர்த் தசை வகையில்) இல்லை. அந்தத் துணைக்குழு முடிவை வைத்து இன்றுவரை சண்டை ஓடுகிறது.

#5 திசுமேசை

வரிசை, வரிசை என்கிறீர்கள். பெயரே தப்பாக வைத்துவிட்டு எந்த வரிசையில் கொடுத்தால் என்ன?

இந்த இழையின் இரு நோயும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கணுக்கால், குதிகால் பக்கம், தசைநாணை ஒட்டிய ஆழமான கட்டி, இளவயது ஆள். நிறமிச் செல்லைக் காட்டும் சாய மார்க்கர்கள் எல்லாம் ஏறும்: எஸ்-100 பாசிட்டிவ், எச்.எம்.பி-45 பாசிட்டிவ், மெலன்-ஏ பாசிட்டிவ், சாக்ஸ்-10 பாசிட்டிவ். "மெட்டாஸ்டாடிக் மெலனோமா, முதல் இடம் தெரியவில்லை" என்று ரிப்போர்ட் போய்விடும். அது கிளியர் செல் சர்கோமாவாக இருக்கலாம். 1965-இல் என்சிங்கர் விவரித்த வகை. இதில் இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 ஜீனும் ஏ.டி.எஃப்.1 ஜீனும் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டுப் புரதம் எம்.ஐ.டி.எஃப். ஜீனை (நிறமிச் செல்லின் தலைமை ஜீனை) ஓடவிடுவதால்தான் கட்டி மெலனோமா வேஷம் கட்டுகிறது. எத்தனை நிறமி மார்க்கர் போட்டாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் எல்லா மார்க்கரும் அந்த ஒரே பாதையின் கீழே இருப்பவை.

பிரிப்பது ஃபிஷ் சோதனை (ஒளிரும் சாயத்தால் ஜீன் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது). இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 பிளவு தெரிந்தால் மெலனோமா இல்லை. இயூவிங் போன்ற வேறு சர்கோமாக்களிலும் இதே ஜீன் பிளக்கும், ஆனால் இங்கே கேள்வி மெலனோமாவா இல்லையா என்பது மட்டுமே, அதற்கு இது போதும். பிராஃப் என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் மெலனோமா பக்கம். பிராஃப் இல்லை என்றால் ஒன்றும் முடிவாகாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கிளியர் செல் சர்கோமா இம்யூனோதெரபிக்கு மெலனோமாபோல் அசைவதில்லை, கீமோவுக்கும் சரியாக அசையாது. அகலமான அறுவைதான் முக்கியம். மெலனோமா என்று நினைத்து இபிலிமுமாப் கொடுத்துக் காத்திருந்தால் அந்த வாரங்கள் வீண். இன்னொன்று, இது நிணநீர்க்கணுவுக்கும் பரவும் சில சர்கோமாக்களில் ஒன்று (எபிதெலாய்டு, ரேப்டோமயோ, ஆஞ்சியோ மற்றவை). கணுவில் இருப்பதாலேயே மெலனோமா என்ற வாதம் செல்லாது.

கிரேடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃப்.என்.சி.எல்.சி.சி. என்ற பிரெஞ்சு முறையில் மூன்று மதிப்பெண்: வேறுபாடு (இயல்பான திசுவிலிருந்து எவ்வளவு விலகியது) 1 முதல் 3, மைக்ராஸ்கோப்பின் பத்துப் பெரிய புலத்தில் செல் பிரிவு எண்ணிக்கை (0–9, 10–19, 20 அல்லது மேல்), நெக்ரோசிஸ் எனும் செத்த பகுதி (இல்லை, பாதிக்குக் குறைவு, பாதி அல்லது மேல்). கூட்டினால் 2–3 கிரேடு ஒன்று, 4–5 இரண்டு, 6–8 மூன்று. கதிர்வீச்சோ கீமோவோ பெற்ற கட்டியில் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. நெக்ரோசிஸ் மருந்தாலும் வந்திருக்கும். கோர் பயாப்ஸியில் வரும் கிரேடை "குறைந்தபட்சம் இவ்வளவு" என்றே படிக்க வேண்டும்.

#6 காலடி

திசுமேசை மேடம் குதிகாலுக்கு வந்துவிட்டதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். #1-இல் சொன்ன ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல் நோயாளிகள், வெயிலால் டி.என்.ஏ. சிதைந்து, மரபுமாற்றம் குவிந்த கட்டிகள். நம் ஊரில் வரும் மெலனோமாவில் கணிசமானது உள்ளங்கால், நகத்தடி வகை. வெயில் படாத இடம். மரபுமாற்றச் சுமை குறைவு, பிராஃப் மாற்றம் குறைவு, கிட் என்ற ஜீனில் மாற்றம் கொஞ்சம் அதிகம், இம்யூனோதெரபி பலனும் குறைவு. நடினாவின் 83.7%-ஐ அப்படியே உள்ளங்காலுக்குச் சொல்லி நம்பிக்கை கொடுப்பது சரியல்ல.

கண்டுபிடிப்பதிலும் பின்தங்கல். கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுவதும் கார்ன் பிளாஸ்டர் ஒட்டுவதும் மாதக்கணக்கில் நடக்கும். நிறமில்லாத வகை என்றால் சர்க்கரைப் புண் என்று டிரெஸ்ஸிங் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சரியான செருப்பு, சரியான டிரெஸ்ஸிங் எல்லாம் இருந்தும் ஆறாத உள்ளங்கால் புண்ணில் பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும்.

டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில்) உள்ளங்காலின் ரேகை மேட்டில் நிறமி ஓடினால் மெலனோமா சந்தேகம், பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். எது மேடு எது பள்ளம் என்று குழம்பினால் மார்க்கர் மையைத் தடவித் துடைத்துவிடுங்கள். மை பள்ளத்தில் தங்கும்.

பயாப்ஸி: முடிந்தால் முழுதாக, சுற்றிலும் 2 மி.மீ. விட்டு. சீவி எடுக்கக் கூடாது. ப்ரெஸ்லோ ஆழம் என்பது தோலின் கிரானுலர் படலத்தின் மேல்விளிம்பிலிருந்து மிக ஆழமான கட்டிச் செல்வரை. அடிப்பகுதி வெட்டுப்பட்டால் அந்த அளவு போய்விடும், அதோடு மார்ஜினும் (சுற்றிலும் எவ்வளவு விட்டு வெட்டுவது) கணு முடிவும் ஊகமாகிவிடும். பெரிதாகப் பரவியிருந்தால் மிகத் தடித்த இடத்தில் பஞ்ச் (வட்டக் கத்தியால் சிறு துண்டு). நகத்தில் கறுப்புக் கோடு என்றால் நகத்தை வெட்டி அனுப்பிப் பயனில்லை, நகம் பிறக்கும் மேட்ரிக்ஸில் எடுக்க வேண்டும்.

அகல வெட்டுக்கு: ஆழம் 1 மி.மீ. வரை என்றால் சுற்றிலும் 1 செ.மீ.; 1–2 மி.மீ. என்றால் 1 முதல் 2 செ.மீ.; அதற்கு மேல் 2 செ.மீ. காவல்கணு (கட்டியின் நிணநீர் முதலில் போய்ச்சேரும் கணு) பயாப்ஸி வேண்டுமானால் அகல வெட்டும் அதே அமர்வில். முதலில் அகல வெட்டு, அடுத்த மாதம் கணு என்று பிரித்தால் நிணநீர் ஓட்டமே மாறிப்போய், கணுவைத் தேட ஊசிபோடும் கதிரியக்க டெக்னீஷியம் வேறு கணுவைக் காட்டலாம். இதுவும் வரிசைதான்!

#7 மட்டுறுத்துநர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். நோயாளியின் பெயரும் எண்ணும் தெரியும் ரிப்போர்ட் படங்களை இங்கே போடாதீர்கள்.

#8 கத்திமுனை

காலடி சொன்னதோடு சேர்த்து: காவல்கணுவில் கட்டி இருந்தால் முன்பெல்லாம் அந்தக் கணுக்கூட்டம் முழுவதையும் எடுத்துவிடுவோம். எம்.எஸ்.எல்.டி-2 (2017), 1934 பேர்: முழுதாக எடுத்தாலும், அல்ட்ராசவுண்டில் கண்காணித்தாலும் 3 ஆண்டு மெலனோமா உயிர்பிழைப்பு 86% தான். கை கால் வீக்கம் 24.1% எதிர் 6.3%. ஆனால் கண்காணிப்பு என்றால் உண்மையிலேயே அல்ட்ராசவுண்டுக்கு வர வேண்டும். வரமாட்டார் என்று தெரிந்தால் கணக்கு மாறும்.

நடினா முறையில் கணு எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கன்னங்கரேல் என்று இருக்கும் கணுவைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிடாதீர்கள். கட்டி செத்தபின் நிறமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் (துப்புரவுச் செல்கள்) அப்படியே தங்கும். மைக்ராஸ்கோப் சொல்லட்டும்.

#9 நிழல்மருந்து

நல்ல குறிப்பு. அதன் மறுபக்கமும் உண்டு: மருந்துக்குப் பிறகு பெட் ஸ்கேனில் இரு நுரையீரல் வாசலிலும் சமச்சீராகக் கணுக்கள் ஒளிர்ந்தால் சார்காய்டு போன்ற எதிர்வினையாக (புற்றுநோயல்லாத அழற்சியாக) இருக்கலாம். ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமல் 'நோய் முற்றியது' என்று முடிவுகட்டி அறுவையை ரத்துசெய்யக் கூடாது. நம் ஊரில் டி.பி.யையும் அந்தத் துண்டிலேயே தேட வேண்டும்.

தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி, டி.பி. சோதனை கட்டாயம், ஏனென்றால் குடல் அழற்சி வந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் இன்ஃப்லிக்ஸிமாபும் தேவைப்படும். அறுவைக்கு முந்தைய வாரம் காலை கார்டிசால், டி.எஸ்.எச்., சோடியம். பிட்யூட்டரி அல்லது அட்ரீனல் சோர்ந்துபோனது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்து எழாது.

டோஸ் பற்றி: இபிலிமுமாபைக் குறைத்து நிவோலுமாபைக் கூட்டிய முறை ஒபாசின்-நியோ ஆய்விலிருந்து (86 பேர்) வந்தது. முதல் 12 வாரத்தில் கடுமையான பக்கவிளைவு 40%-லிருந்து 20%-ஆக இறங்கியது, பலன் குறையவில்லை. பழைய 3 மி.கி./கிலோ இபிலிமுமாபை இங்கே யாரும் எடுக்க வேண்டாம்.

சர்கோமா கீமோவுக்கு வருகிறேன். டாக்சோரூபிசின் 75 மி.கி./ச.மீ. தனியாகவா, இஃபாஸ்ஃபமைடு 10 கிராம்/ச.மீ. சேர்த்தா என்பதற்கு 2014 ஐரோப்பிய ஆய்வு: கட்டி சுருங்கியது 14% எதிர் 26%, நோய் கட்டுக்குள் இருந்தது 4.6 எதிர் 7.4 மாதம், ஆயுளில் உறுதியான வித்தியாசம் இல்லை (12.8 எதிர் 14.3). காய்ச்சலோடு வெள்ளணு வீழ்ச்சி 13% எதிர் 46%. ஆகவே சுருக்கினால் அறுவை சாத்தியம், அல்லது கட்டி எதையோ அழுத்துகிறது என்றால் இரண்டும் சேர்த்து. இல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்று. இஃபாஸ்ஃபமைடுடன் மெஸ்னா (சிறுநீர்ப்பையைக் காக்கும் மருந்து) தவறினால் சிறுநீரில் ரத்தம். ஆல்புமின் குறைந்தவருக்குக் குழப்பம், தூக்கம், பிதற்றல் வந்தால் உடனே மருந்தை நிறுத்தி மெத்திலீன் ப்ளூ.

லியோமயோசர்கோமா மட்டும் இப்போது தனிப்பாதை. எல்.எம்.எஸ்-04 ஆய்வில் 150 பேர், டாக்சோரூபிசினோடு டிராபெக்டடின் சேர்த்ததில் ஆயுள் இடைநிலை 24-லிருந்து 33 மாதம் ஆனது.

#10 பீ_மதிப்பு

அந்த 33 மாதத்தை நான் நம்புகிறேன். ஏன் நம்புகிறேன் என்று சொல்ல ஒலராடுமாப் என்ற சர்கோமா மருந்தை இழுக்க வேண்டும்.

2016-இல் 133 பேர் ஆய்வு: டாக்சோரூபிசினோடு ஒலராடுமாப், ஆயுள் 14.7-லிருந்து 26.5 மாதம். அந்த அக்டோபரிலேயே அமெரிக்காவில் விரைவு அனுமதி. அடுத்து 509 பேர் கொண்ட அனவுன்ஸ் ஆய்வு: ஒலராடுமாபோடு 20.4 மாதம், இல்லாமல் 19.7. மருந்து திரும்பப் பெறப்பட்டது.

முதல் ஆய்விலேயே மணி அடித்தது. ஆயுள் 11.8 மாதம் கூடியது, ஆனால் நோய் முற்றாத காலம் 4.1-லிருந்து 6.6, அதாவது 2.5 மாதம்தான் கூடியது. மருந்து நிறுத்திய பிறகுதான் நன்மை முழுக்க வந்ததா? சாத்தியம்தான், ஆனால் பல துணைவகைகள் கலந்த 133 பேரில் அதிர்ஷ்டவசமான பங்கீடு அதைவிட எளிய விளக்கம். எல்.எம்.எஸ்-04-இல் ஒரே துணைவகை. நோய் முற்றாத காலமும் 6.2-லிருந்து 12.2 மாதம். இரண்டு அளவும் ஒரே பக்கம் சாய்கின்றன.

பெம்ப்ரோலிசுமாப் சர்கோமாவிலும் இதே பாடம். சார்க்028 ஆய்வில் வகைப்படுத்த முடியாத பிளியோமார்ஃபிக் சர்கோமா 10 பேரில் 4 பேருக்குச் சுருங்கியது, ஊரே 40% என்றது. ஆட்களைக் கூட்டியதும் 23% ஆனது.

#11 கிரே_அளவு

இருந்தாலும் அந்த 23% வீணாகவில்லை. அந்தத் துப்பை வைத்துத்தான் சார்க்032 (2024) வந்தது. கை கால்களில் அதே பிளியோமார்ஃபிக் வகையும் லிப்போவின் உயர்கிரேடு வகைகளும், 127 பேர். கதிர்வீச்சு + அறுவை, அதோடு பெம்ப்ரோலிசுமாப் முன்னும் பின்னும். 2 ஆண்டு நோயற்றவர்கள் 52%-லிருந்து 67%. கடுமையான பக்கவிளைவு 31%-லிருந்து 56%. நிழல்மருந்து கேட்ட கேள்விக்குச் சர்கோமா பக்கத்திலிருந்து இருக்கும் பதில் இதுதான், இரண்டு துணைவகைக்கு மட்டும். சைனோவியல் சர்கோமாவுக்கோ லியோமயோவுக்கோ இதைக் கொடுக்க ஆதாரமில்லை.

#12 பீ_மதிப்பு

விலையையும் சேர்த்துப் பார்த்தால் 15 புள்ளிக்கு அந்த 56% எனக்குக் கொஞ்சம் கனமாகவே தெரிகிறது. ஆயுள் நீண்டதா என்பது வரட்டும்.

#13 காலடி

திசுமேசை மேடம், வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு ஃபிஷ்ஷுக்கு அனுப்பும்போது பாதி நேரம் "சிக்னல் இல்லை" என்றே திரும்புகிறது. என்ன தவறாக இருக்கும்?

#14 திசுமேசை

பெரும்பாலும் ஃபார்மலின். 10% நியூட்ரல் பஃபர்டு வேண்டும். பஃபர் இல்லாத பழைய சரக்கு டி.என்.ஏ.வைத் துண்டாக்கும். துண்டின் பத்து மடங்கு கொள்ளளவு ஊற்றுங்கள். 6 மணிக்குக் குறைவாகவோ 72 மணிக்கு மேலாகவோ ஊறவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை எடுத்து செவ்வாய் பார்க்கும் பழக்கம் இங்கே அடிவாங்கும். பெரிய கட்டியை முழுசாகப் போட்டால் நடுப்பகுதி ஊறாமல் அழுகும், வந்த அன்றே மார்ஜினுக்கு மை தடவிக் கீறிவிட வேண்டும். எலும்பு ஒட்டிய துண்டென்றால் அமிலத்தில் கரைப்பதற்கு முன் மென்மையான பகுதியைத் தனி பிளாக்காக (மெழுகில் பதித்த திசுவாக) பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபிஷ் கிடைக்காது.

கண்ணாடி ஸ்லைடு மட்டும் அனுப்பாமல் பிளாக்கையே அனுப்புங்கள். கூடவே படிவத்தில் இடம், ஆழம், அளவு, எம்.ஆர்.ஐ. சுருக்கம், முன்பு கதிர்வீச்சு பெற்றவரா என்பது. "லம்ப், ஃபுட்" என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினால் அங்கே இருப்பவருக்கு கிளியர் செல் நினைவுக்கு வரவே வராது, ஃபிஷ்ஷும் கேட்க மாட்டார்.